மஸ்டாங்கா, சிவிக்கா? கார் ரசிகர்களின் தீராத சண்டைக்குப் பின்னால் இருக்கும் கதை

கார் பிடித்த நண்பர் ஒருவராவது உங்களுக்கு இருப்பார். அவரிடம் "ஃபோர்ட் மஸ்டாங் நல்லதா, டர்போ போட்ட ஹோண்டா சிவிக் நல்லதா?" என்று கேட்டுப் பாருங்கள். அடுத்த அரை மணி நேரத்துக்கு வேறு பேச்சு இருக்காது.

"எஞ்சின் பெருசா இருக்கணும் ப்ரோ, அவ்ளோதான்!" என்பார் ஒருவர். "1.6 லிட்டர்ல அந்த வேகம் எடுக்குறதுதான் திறமை!" என்பார் இன்னொருவர்.

கேட்பதற்கு இது வெறும் இயந்திரச் சண்டை மாதிரி இருக்கும். ஆனால் இது பிறந்த இடம் அமெரிக்கா. அங்கே இது குதிரைத்திறனைப் பற்றியது மட்டுமாக ஒருபோதும் இருந்ததில்லை. கையில் எவ்வளவு பணம், தோல் என்ன நிறம், யார் 'நம்ம ஆளு' என்ற கேள்விகளும் அதில் கலந்திருந்தன.

அந்தக் கதையைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த இரண்டு அணி?

முதல் அணி 'மசில் கார்' ரசிகர்கள். ஃபோர்ட் மஸ்டாங், செவ்ரோலே கமாரோ, டாட்ஜ் சேலஞ்சர் போன்ற அமெரிக்கக் கார்கள். பெரிய வி8 எஞ்சின், பின்சக்கர இயக்கம், தெருமுனையிலிருந்தே கேட்கும் உறுமல்.

இரண்டாவது அணி 'இம்போர்ட்' ரசிகர்கள். ஹோண்டா சிவிக், அக்குரா இன்டெக்ரா, டொயோட்டா சுப்ரா, மிட்சுபிஷி எக்லிப்ஸ் போன்ற ஜப்பானியப் பெயர் கொண்ட கார்கள். வாங்கியபடியே ஓட்டுவதில்லை. எஞ்சினை மாற்றி, டர்போ பொருத்தி, சஸ்பென்ஷனைத் தாழ்த்தி, தங்களுக்கு ஏற்றபடி ஆக்கிக்கொள்வார்கள்.

வி8 பொற்காலம்

1964ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் தேதி, நியூயார்க் உலகக் கண்காட்சியில் மஸ்டாங் அறிமுகமானது. தொடக்க விலை 2,368 அமெரிக்க வெள்ளி. முதல் 12 மாதங்களில் 4 லட்சத்துக்கும் மேல் விற்றது. போருக்குப் பின் பிறந்த தலைமுறை அப்போதுதான் ஓட்டுநர் உரிமம் வாங்கும் வயதுக்கு வந்திருந்தது.

அதே காலகட்டத்தில் பான்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுக் கார் ஒன்றில் 6.4 லிட்டர் எஞ்சினைப் பொருத்தி 'ஜிடிஓ' என்று பெயரிட்டது. சிறிய உடல், பெரிய இதயம். மசில் கார் என்ற வகைக்கு அதுதான் அச்சு.

அப்போது பெட்ரோல் மலிவு. டெட்ராய்ட் நகரின் கார் தொழிற்சாலைகளில் வேலைக்குப் பஞ்சமில்லை. வி8 என்பது ஒரு சாதாரணத் தொழிலாளியின் மகனுக்கும் எட்டும் கனவு.

1973க்குப் பிறகு என்ன ஆனது?

1973 அக்டோபரில் அரபு நாடுகள் அமெரிக்காவுக்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. பெட்ரோல் நிலையங்களில் நீண்ட வரிசை. அதற்கு முன்பே, 1970இல் வந்த தூய காற்றுச் சட்டம் கார் புகைக்குக் கடும் வரம்பு வைத்திருந்தது.

பெரிய எஞ்சின்கள் திணறிப்போயின. 1974 மஸ்டாங் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தபோது அதில் வி8 எஞ்சினே கிடையாது! 1975 செவ்ரோலே கார்வெட்டின் அடிப்படை எஞ்சின் 5.7 லிட்டர். ஆனால் அது தந்தது 165 குதிரைத்திறன்தான். (சக்தியை அளக்கும் முறை 1970களின் தொடக்கத்தில் மாறியதும் எண்கள் குறைந்து தெரிவதற்கு ஒரு காரணம்.)

இந்த எண்ணை நினைவில் வையுங்கள். 1989இல் ஹோண்டா தன் 'விடெக்' எஞ்சினை ஜப்பானில் அறிமுகப்படுத்தியது. அளவு வெறும் 1.6 லிட்டர். சக்தியோ சுமார் 160 குதிரைத்திறன்.

மூன்றில் ஒரு பங்குகூட இல்லாத எஞ்சின். சக்தி ஏறக்குறைய அதே.

ஒரு காரின் பெயரால் ஓர் உயிர்

இடைப்பட்ட அந்தப் பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்கர்கள் ஜப்பானியக் கார்களை வாங்கத் தொடங்கினார்கள். சிக்கனமானவை, அடிக்கடி பழுதாகாதவை. டெட்ராய்ட்டில் ஆலைகள் மூடப்பட்டன, ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். 1981இல் அமெரிக்க நெருக்குதலால் ஜப்பான் தன் கார் ஏற்றுமதிக்குத் தானே வரம்பு வைத்துக்கொண்டது: ஆண்டுக்கு 1.68 மில்லியன் கார்கள்.

கோபம் கார்களோடு நிற்கவில்லை. 1982 ஜூன் மாதம், டெட்ராய்ட் அருகே வின்சென்ட் சின் என்ற 27 வயது இளைஞரை இருவர் சேர்ந்து தாக்கினார்கள், அவர்களில் ஒருவர் பேஸ்பால் மட்டையால் அடித்தார். நான்கு நாள்கள் கழித்து அவர் இறந்தார். தாக்கியவர்களில் ஒருவர் கார் ஆலை மேற்பார்வையாளர், மற்றவர் கார் துறையில் வேலை இழந்தவர். தங்களுக்கு வேலை போனதற்கு ஜப்பானியர்களே காரணம் என்ற வெறுப்பு அன்று வெளிப்பட்டதாகச் சாட்சி சொல்லப்பட்டது.

வின்சென்ட் சின் ஜப்பானியரே அல்ல. அவர் சீன அமெரிக்கர்.

மாநில நீதிமன்றம் இருவருக்கும் விதித்தது 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 3,000 அமெரிக்க வெள்ளி அபராதமும். சிறைத்தண்டனை இல்லை. பின்னர் மத்திய அரசு தொடுத்த வழக்கிலும் இறுதியில் யாரும் சிறைக்குச் செல்லவில்லை. ஆசிய அமெரிக்கர்கள் ஒரே சமூகமாகத் திரண்டு உரிமைக்குக் குரல் கொடுக்க அந்தத் தீர்ப்பு ஒரு திருப்புமுனையானது.

'இம்போர்ட்' என்ற சொல் அந்த நாட்டில் எவ்வளவு கனமானது என்று இப்போது புரிகிறதா? 1990களில் அதே சொல்லைப் பெருமையாக எடுத்துக்கொண்ட இளையர்களைப் பார்க்கும்போது இது முக்கியம்.

சரி, ஏன் சிவிக்?

இடம்: தென் கலிஃபோர்னியா. லாஸ் ஏஞ்சலிஸுக்குத் தெற்கே இருக்கும் கார்டீனா, டாரன்ஸ் போன்ற ஊர்களில் ஜப்பானிய அமெரிக்கக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வந்தன. டொயோட்டா, ஹோண்டா ஆகியவற்றின் அமெரிக்கத் தலைமையகங்களும் அந்த வட்டாரத்தில்தான் இருந்தன.

இங்கே ஒரு 18 வயதுப் பையனுக்குக் கிடைக்கும் முதல் கார் எது? பெரும்பாலும் அம்மா ஓட்டிய பழைய சிவிக். விலை குறைவு, காப்புறுதியும் வி8 காரைவிடக் குறைவு. எஞ்சின் பகுதி எளிமையாக இருப்பதால் வீட்டு முற்றத்திலேயே பிரித்து மாட்டலாம். ஜப்பானிலிருந்து வரும் பழைய விடெக் எஞ்சினை வாங்கிப் பொருத்தினால், கிட்டத்தட்ட லெகோ மாதிரி உட்கார்ந்துவிடும்.

இதைத் தொடங்கி வைத்தவர்களில் பெரும்பங்கு ஆசிய அமெரிக்க இளையர்கள். லத்தீன் அமெரிக்க, கறுப்பின இளையர்களும் சேர்ந்தார்கள். இம்போர்ட் கார்களுக்கு மட்டுமான பந்தயங்களும் கண்காட்சிகளும் உருவாயின. வி8 கூட்டங்களில் ஓரமாக நிற்பதற்குப் பதில் தங்களுக்கென்று ஒரு களத்தை அவர்களே கட்டிக்கொண்டார்கள்.

எஞ்சின் கணக்கு: இரண்டில் எது உண்மையில் வலிமையானது?

சைக்கிள் மிதிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். மலையேறும்போது இரண்டு வழி இருக்கிறது. கனமான கியரில் மெதுவாக, அழுத்தி மிதிக்கலாம். இலேசான கியரில் வேகவேகமாகவும் மிதிக்கலாம். இரண்டிலும் மேலே போய்ச் சேரலாம்.

எஞ்சினும் அப்படித்தான். ஒவ்வொரு சுழற்சியிலும் எவ்வளவு அழுத்தம் என்பதுதான் முறுக்குவிசை. அதை நிமிடத்துக்கு எத்தனை முறை சுழல்கிறது என்பதோடு பெருக்கினால் சக்தி கிடைக்கும்.

1990 வாக்கில் கிடைத்த இரண்டு எஞ்சின்களை ஒப்பிடலாம்:

• மஸ்டாங் 5.0: எஞ்சின் 4.9 லிட்டர். சக்தி 225 குதிரைத்திறன். முறுக்குவிசை சுமார் 400 நியூட்டன் மீட்டர். காரின் எடை ஏறக்குறைய 1,450 கிலோ.

• 1.6 லிட்டர் விடெக் எஞ்சின் கொண்ட சிவிக்: சக்தி சுமார் 160 குதிரைத்திறன். முறுக்குவிசை சுமார் 150 நியூட்டன் மீட்டர். எடை ஏறக்குறைய 1,050 கிலோ.

எடைக்குச் சக்தியைப் பகுத்துப் பாருங்கள். இரண்டுமே ஒரு டன்னுக்கு ஏறக்குறைய 150 குதிரைத்திறன்!

ஆனால் ஓட்டும்போது இரண்டும் ஒரே மாதிரி இருக்காது. மஸ்டாங் சிக்னலில் இருந்து கிளம்பும்போதே முதுகை இருக்கையில் தள்ளும். சிவிக்கில் அந்தச் சுகம் கிடைக்க எஞ்சினை நிமிடத்துக்கு 7,000 சுழற்சிக்கு மேல் கொண்டுபோக வேண்டும். பந்தயத் தொடக்கத்தில் மஸ்டாங்குக்குச் சாதகம். வளைவுகளில் எடை குறைந்த சிவிக்குக்குச் சாதகம்.

டர்போ வந்ததும் கணக்கு மறுபடி மாறியது. வீணாக வெளியேறும் புகையின் வேகத்தில் ஒரு சிறு சக்கரம் சுழலும். அது எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அமுக்கி அனுப்பும். காற்று கூடினால் எரிபொருளைக் கூட்டலாம், சக்தியும் கூடும். 1993இல் வந்த டொயோட்டா சுப்ராவின் 3 லிட்டர் இரட்டை டர்போ எஞ்சின் அமெரிக்காவில் 320 குதிரைத்திறன் தந்தது. அதன் இரும்பு அடித்தொகுதி மிக உறுதியானது. அதனால் பட்டறைக்காரர்கள் அதை இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்றினார்கள்.

ஆக, 'எது சிறந்தது?' என்ற கேள்விக்கு இயற்பியல் ஒரே பதில் சொல்வதில்லை. எங்கே, எப்படி ஓட்டுகிறீர்கள் என்று திருப்பிக் கேட்கும்.

'ரைஸர்': சாதாரணக் கிண்டலா?

கார் வட்டாரங்களில் இந்தச் சொல்லை நீங்கள் கேட்டிருக்கலாம். பெரிய பின் இறக்கை, காதைக் கிழிக்கும் புகைபோக்கி, ஆனால் வேகம் இல்லாத கார். அதை 'ரைஸர்' என்று கேலி செய்வார்கள்.

அந்தச் சொல்லின் வேர் 'ரைஸ்', அதாவது அரிசி. ஜப்பானிய மோட்டார்சைக்கிள்களையும் கார்களையும் 'அரிசி எரிப்பான்' என்று அமெரிக்காவில் ஏளனம் செய்த வழக்கத்திலிருந்து அது வந்தது. பின்னாளில் சிலர் அந்த எழுத்துகளுக்கு வேறு விரிவு கொடுத்து, "இது வெறும் அலங்காரத்தைத்தான் குறிக்குது" என்று சமாளித்தார்கள். ஆனால் வேர் மாறவில்லை.

காரில் தேவையற்ற அலங்காரம் இருந்தால் அதைச் சொல்லலாம், தப்பில்லை. அதற்கு ஆசியர்களின் உணவை ஏன் இழுக்க வேண்டும்? தினமும் சோறு சாப்பிடும் நாமே அந்தச் சொல்லைச் சிரித்துக்கொண்டே பயன்படுத்துகிறோம் என்றால், அது எங்கிருந்து வந்தது என்பதையாவது தெரிந்துகொள்வது நல்லது.

ஹாலிவுட் நுழைந்தபோது

1998இல் 'வைப்' சஞ்சிகையில் நியூயார்க் தெருப் பந்தயம் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதிலிருந்து பிறந்த படம்தான் 2001இல் வெளியான 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்'. கதைக்களத்தை லாஸ் ஏஞ்சலிஸுக்கு மாற்றினார்கள்.

படத்தின் உச்சக்காட்சி நினைவிருக்கிறதா? ஒரு பக்கம் ஆரஞ்சு நிற சுப்ரா. மறு பக்கம் கறுப்பு நிற 1970 டாட்ஜ் சார்ஜர். நாம் பேசிக்கொண்டிருக்கும் அதே இரண்டு அணிகள்! ரயில் வருவதற்குள் இரண்டும் ஒன்றாகவே தண்டவாளத்தைத் தாண்டுகின்றன.

அந்தப் படம் இம்போர்ட் கலாசாரத்தை உலகம் முழுக்கக் கொண்டுபோனது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கலாசாரத்தை வளர்த்த ஆசிய அமெரிக்கர்கள் நாயகர்களாக வரவில்லை. முக்கியமான ஆசியக் கதாபாத்திரம் வில்லன்.

எது 'அமெரிக்கக் கார்'?

இந்தச் சண்டையின் ஆக வேடிக்கையான பகுதி இதுதான். 'அமெரிக்கா', 'இம்போர்ட்' என்ற முத்திரைகளைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள்:

• முதல் படத்தில் நாயகன் ஓட்டும் பச்சை நிற மிட்சுபிஷி எக்லிப்ஸ் 'இம்போர்ட்' அணி. ஆனால் அந்த வகைக் கார் தயாரானது அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில்.

• ஹோண்டா 1982 முதலே ஒஹாயோ மாநிலத்தில் அக்கார்ட் கார்களைத் தயாரித்து வருகிறது. வின்சென்ட் சின் இறந்த அதே ஆண்டு.

• 'அசல் அமெரிக்கன்' டாட்ஜ் சேலஞ்சர் 2008 முதல் 2023 வரை தயாரானது கனடாவில். கமாரோவும் பல ஆண்டுகள் கனடாவில்தான் தயாரிக்கப்பட்டது.

• 1980களில் மஸ்டாங்குக்குப் பதிலாக, மாஸ்டாவை அடிப்படையாகக் கொண்ட முன்சக்கர இயக்கக் கார் ஒன்றைக் கொண்டுவர ஃபோர்ட் திட்டமிட்டது. ரசிகர்கள் கடிதம் எழுதி எதிர்த்தார்கள். அந்தக் கார் கடைசியில் 'ஃபோர்ட் புரோப்' என்ற வேறு பெயரில் வந்தது. மிச்சிகனில் மாஸ்டா கட்டிய ஃபிளாட் ராக் ஆலையில் அது தயாரானது. இன்று மஸ்டாங் எங்கே தயாராகிறது? அதே ஃபிளாட் ராக் ஆலையில்.

• 2019இல் திரும்பி வந்த டொயோட்டா சுப்ராவில் இருப்பது பிஎம்டபிள்யூ எஞ்சின். தயாரானது ஆஸ்திரியாவில்.

காரின் எந்தப் பாகமும் எல்லைக் கோட்டை மதிக்கவில்லை. மனிதர்கள்தான் கோடு போட்டார்கள்.

நம்மூரில் நிலைமை வேறு

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இந்தப் போட்டி ஒருபோதும் சமமாக நடக்கவில்லை. காரணங்கள் எளிமையானவை.

முதலாவது, ஸ்டியரிங். நம் சாலைகளில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம். ஜப்பானிலும் அப்படியே. அமெரிக்காவில் இடப்பக்கம். மஸ்டாங் தொழிற்சாலையிலிருந்தே வலப்பக்க ஸ்டியரிங்குடன் வந்தது 2015இல் தொடங்கிய தலைமுறையில்தான். அறிமுகமாகி ஐம்பது ஆண்டு கழித்து!

இரண்டாவது, வரி. இரு நாடுகளிலும் பெட்ரோல் கார்களின் சாலை வரி எஞ்சின் அளவைப் பொறுத்தது. தீபகற்ப மலேசியாவில் தனியார் வைத்திருக்கும் 1.6 லிட்டர் காருக்கு ஆண்டுக்கு 90 ரிங்கிட். 5 லிட்டர் காருக்கு 10,000 ரிங்கிட்டையும் தாண்டும். சிங்கப்பூரில் அதற்கும் மேலே வாகன உரிமைச் சான்றிதழ் கட்டணம். அந்த எண்ணைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம்!

மூன்றாவது, மலேசியாவுக்கே உரிய கதை. 1985இல் வந்த முதல் தேசியக் கார் புரோட்டான் சாகா மிட்சுபிஷியின் அடித்தளத்தில் உருவானது. 1993இல் வந்த வீராவுக்கு அடிப்படை மிட்சுபிஷி லான்சர். 1994இல் வந்த பெரோடுவா கஞ்சிலுக்கு அடிப்படை டைஹாட்சு மிரா. அதனால் வீராவில் லான்சர் எவல்யூஷன் பாகங்களையும், கஞ்சிலில் மிரா டர்போ எஞ்சினையும் பொருத்துவது அங்கே ஒரு தனிக் கலையாகவே வளர்ந்தது. அமெரிக்காவில் 'உள்ளூர்க் காரா, ஜப்பானியக் காரா' என்று அடித்துக்கொண்டார்கள். மலேசியாவில் இரண்டும் ஒரே குடும்பம்.

நீங்களும் காரை மாற்றியமைக்க நினைக்கிறீர்களா?

சில விஷயங்களை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

• சிங்கப்பூரில் மாற்றங்கள் மூன்று வகை: அனுமதி தேவையில்லாதவை, நிலப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி தேவைப்படுபவை, அறவே அனுமதிக்கப்படாதவை. பட்டறைக்காரர் "பரவால்ல, எல்லாரும் போடுறாங்க" என்று சொன்னாலும் நீங்களே சரிபாருங்கள். பதில் சொல்ல வேண்டியவர் கார் உரிமையாளர்.

• மலேசியாவில் எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையின் ஒப்புதலும் வாகனச் சோதனையும் தேவை. வாகனப் பதிவில் புதிய எஞ்சின் விவரம் இருக்க வேண்டும்.

• காப்புறுதி நிறுவனத்திடம் மாற்றத்தைச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால், விபத்து நேரும்போது இழப்பீடு கிடைக்காமல் போகலாம்.

• சக்தியைக் கூட்டும் முன் பிரேக், டயர் இரண்டையும் கவனியுங்கள். வேகமாகப் போக முடிந்த கார் நிற்கவும் முடிய வேண்டும்.

• பொதுச் சாலையில் பந்தயம் இரு நாடுகளிலும் குற்றம். சிறைக்குப் போகலாம், உரிமம் பறிபோகலாம், காரையே இழக்கலாம். வேகம் பார்க்க ஆசையா? சிப்பாங் பந்தயத் தடம் 1999இலிருந்து இருக்கிறது. சொந்தக் காரில் ஓட்டிப் பார்க்கும் நாள்கள் அங்கே நடத்தப்படுகின்றன.

சண்டை இனியும் தொடருமா?

2023 டிசம்பரில் டாட்ஜ் தன் வி8 சேலஞ்சர், சார்ஜர் கார்களின் தயாரிப்பை நிறுத்தியது. கமாரோவும் அதே மாதத்தில் நின்றது. அடுத்து வந்த சார்ஜர், மின்சாரக் காராகவும் விற்பனைக்கு வந்தது. ஒரு சாதாரண மின்சாரக் குடும்பக் காரே இன்று சிக்னலில் பழைய மஸ்டாங்கைப் பின்னால் விட்டுவிடும், சத்தமே இல்லாமல்.

அப்போது சண்டை 'பெட்ரோலா, பேட்டரியா' என்று மாறும். ஏற்கனவே மாறத் தொடங்கிவிட்டது. சீனத் தயாரிப்பு மின்சாரக் கார்களைப் பற்றிய பேச்சில், 1980களில் ஜப்பானியக் கார்களைப் பற்றிக் கேட்ட அதே தொனி சில நேரம் தலைகாட்டுகிறது.

காரை விமர்சியுங்கள். பிரேக் சரியில்லை, உட்புறம் மலிவாக இருக்கிறது, விலை அதிகம் என்று தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் பேச்சு காரிலிருந்து அதைத் தயாரித்தவரின் இனத்துக்கு அல்லது ஓட்டுபவரின் முகத்துக்கு நகரும்போது கவனியுங்கள். அந்த இடத்தில் கார் பற்றிய பேச்சு முடிந்து வேறு ஒன்று தொடங்கிவிட்டது.

அடுத்த முறை நண்பர்களுடன் 'மஸ்டாங்கா, சிவிக்கா' பேச்சு எழுந்தால் உங்களிடம் இப்போது ஒரு நல்ல கேள்வி இருக்கிறது: "சரி, ரெண்டும் எங்க தயாராச்சுன்னு சொல்லு பார்ப்போம்?"